அயலார் செய்த நினைவகம்



ஒரு கம்பெனி செய்த கணிப்பொறியில், வேறொரு கம்பெனி செய்த நினைவகத்தைப் பொருத்தினால் அது வேலை செய்யுமா? கடைத்தெருவில் நாள்தோறும் கேட்கப்படும் கேள்வி இது. பழைய இயந்திரம் ஒன்றை வைத்திருக்கும் அச்சகத்தாரும் கேட்கிறார். கல்லூரி மாணவரும் கேட்கிறார். கேள்வி சிறிது, ஆனால் அதன் பின்னே அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அவ்வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மின்னியல் மட்டும் இக்கேள்விக்கு விடை தருவதில்லை. பொருந்துவதற்குரிய அளவு யாருக்கு உரியது, அது எல்லோரும் அறியும்படி வெளியிடப்பட்டிருக்கிறதா என்பனவற்றைப் பொறுத்தே விடை அமைகிறது. இதுவே என் பேச்சின் கருத்து.

நினைவகம் என்பது யாது? கணிப்பொறிக்குள் பொருள்களைச் சேர்த்து வைக்கும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று அலமாரி போன்றது. மின்சாரம் நின்றாலும் அதில் வைத்தவை அழியா. மற்றொன்று நாம் எழுத உட்காரும் மேசை போன்றது. அப்போதைக்கு வேண்டிய ஏடுகளை அதன்மீது பரப்பி வைத்துக்கொள்கிறோம். இம்மேசைதான் ரேம் என்று கடைக்காரர் கூறும் நினைவகம். மேசை சிறிதாயின், ஓர் ஏட்டை எடுத்து மற்றோர் ஏட்டை வைப்பதிலேயே பொழுது கழியும். பழைய இயந்திரம் மெதுவாக நகர்வதற்குப் பல வேளைகளில் காரணம் இதுவே. ஆகவே மேசையை அகலப்படுத்தினால், இயந்திரம் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

நம் நாட்டில் முதன்முதல் உருவாக்கப்பட்ட கணிப்பொறிகளுள் டிஃப்ராக் என்பதற்குச் சிறப்பான இடம் உண்டு. பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் அதனைச் செய்தனர். 1960 ஆம் ஆண்டில் அது இயங்கத் தொடங்கிற்று. 1962 ஆம் ஆண்டில் பிரதமர் நேரு அதற்குப் பெயர் சூட்டினார். அதன் நினைவகம் 2048 சொற்களைக் கொண்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் 40 இலக்கங்கள். இலக்கம் ஒன்றுக்கு ஒன்றாக, காந்தத்தன்மை கொண்ட ஃபெரைட் வளையங்களை மெல்லிய கம்பிகளில் கோத்து அந்நினைவகத்தை அமைத்தனர். கணக்கிட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ எண்பத்திரண்டாயிரம் வளையங்கள். இன்று ஒரு விரல் நீளமுள்ள 8 கிகாபைட் பலகையில் அதனைப்போல் எட்டு லட்சம் மடங்கிற்கும் மேல் இடம் இருக்கிறது.

அக்காலத்தில் அயலார் செய்த நினைவகம் என்ற பேச்சே எழவில்லை. இயந்திரம் ஒன்று, அதற்கென்றே பிறந்த நினைவகம் ஒன்று. வேறோர் இயந்திரத்தின் வளையங்களைக் கொண்டுவந்து இதில் கோக்க இயலாது. ஒவ்வொரு கணிப்பொறியும் கடல் சூழ்ந்த ஒரு தீவாக இருந்தது.

இத்தீவுகளை இணைத்த செயல் 1964 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நிகழ்ந்தது. ஐ.பி.எம். கம்பெனி சிஸ்டம் 360 என்னும் கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தது. சிறியதிலிருந்து பெரியதுவரை, அக்குடும்பத்து இயந்திரங்கள் ஒரே கட்டளை மொழியை அறிந்திருந்தன. சிறிய இயந்திரத்துக்கு எழுதிய நிரலைப் பெரிய இயந்திரத்திலும் ஓட்டலாம். வாங்குவோருக்கு இது பெரும் வசதி. ஆனால் இதனால் ஐ.பி.எம். எதிர்பாராத மற்றொரு விளைவும் தோன்றிற்று. ஒரே அமைப்புடைய இயந்திரங்கள் ஆயிரக்கணக்கில் பரவியதும், அவற்றோடு பொருந்தும் நாடாக் கருவிகளையும் வட்டுகளையும் பிற கம்பெனிகள் செய்து குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கின. பின்னர் நினைவகத்தையும் செய்தன. அயலார் செய்த நினைவகம் ஒரு வாணிகமாகத் தோன்றியது இவ்வாறுதான்.

இவ்வாணிகம் வேர்விட்டதற்கு ஒரு காரணம் உண்டு. கணிப்பொறித் துறையில் மூத்தது விரைவில் பழையதாகிவிடுகிறது. ஆனால் வாங்கியவர் அதை அவ்வளவு விரைவில் தூக்கி எறிய முடியாது. இதற்கு நம் சென்னையிலேயே சான்று காணலாம். 1970 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஐ.பி.எம். 370 வரிசையின் 155 என்னும் இயந்திரம் அறிவிக்கப்பட்டது. அதன் முதன்மை நினைவகம் பழைய முறைப்படி ஃபெரைட் வளையங்களால் ஆனது. அதே ஆண்டில் இன்டெல் கம்பெனி 1103 என்னும் சில்லை வெளியிட்டது. 1024 இலக்கங்களை ஒரு சில்லுக்குள் அடக்கிய அது, வளையங்களின் காலம் முடியப்போவதை அறிவித்தது. 1972 ஆம் ஆண்டு ஆகஸ்டில் சில்லு நினைவகம் கொண்ட 158 என்னும் இயந்திரத்தை ஐ.பி.எம். அறிவித்துவிட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 155 நிறுவப்பட்டதோ 1973 ஆம் ஆண்டில்! வந்து இறங்கியபோதே அதற்கு ஓர் இளைய உடன்பிறப்பு இருந்தது. ஆயினும் அக்கழகத்து மாணவர்கள் பல ஆண்டுகள் அதில்தான் அட்டைகளைத் துளையிட்டுக் கொடுத்துக் கணக்குப் பார்த்தனர். ஏழை நாட்டில் பழைய இயந்திரம் என்பது பயனற்ற இயந்திரம் அன்று.

அயலாரிடம் நினைவகம் வாங்கியோருக்கு ஒரு தொல்லையும் இருந்தது. இயந்திரம் பழுதுற்று நின்றால், இயந்திரம் செய்தவர், 'நீங்கள் பிறரிடம் வாங்கிப் பொருத்திய நினைவகமே காரணம்' என்பார். நினைவகம் செய்தவரை அழைத்தால், 'எங்கள் பொருளில் குற்றமில்லை. இயந்திரத்தைப் பாருங்கள்' என்பார். இரண்டு வைத்தியர்களிடையே அகப்பட்ட நோயாளியின் நிலைதான். இத்தொல்லை இன்றும் தீர்ந்தபாடில்லை. அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாக்னுசன்-மாஸ் சட்டம், அயலார் பொருளைப் பயன்படுத்தினார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை மறுக்கலாகாது என்று வகுத்தது. அப்பொருளால்தான் பழுது நேர்ந்தது என்பதைச் செய்தவரே காட்ட வேண்டும்.

நம் நாட்டில் இக்கேள்வி வேறொரு வடிவத்தில், இன்னும் கடுமையாக எழுந்தது. 1973 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வெளிநாட்டுக் கம்பெனிகள் தம் இந்தியக் கிளைகளில் தமக்குரிய பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஐ.பி.எம். அதற்கு இணங்கவில்லை, 1978 ஆம் ஆண்டில் நாட்டை விட்டு வெளியேறிற்று. அதன் இயந்திரங்களோ இரயில்வேயிலும் ஆலைகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் ஓடிக்கொண்டிருந்தன. செய்தவர் போய்விட்டார், இனி யார் பழுது பார்ப்பார்?

இந்திய அரசு 1975 ஆம் ஆண்டிலேயே கணிப்பொறிப் பராமரிப்புக் கழகம் ஒன்றை நிறுவியிருந்தது. சி.எம்.சி. என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற நிறுவனம் அதுவே. ஐ.பி.எம். விட்டுச் சென்ற இயந்திரங்களைக் காக்கும் பொறுப்பை அக்கழகம் ஏற்றது. செய்தவர் அல்லாத ஒருவர், அவர் செய்த இயந்திரத்தின் உள்ளமைப்பை அறிந்து அதை ஓடச் செய்தார் என்பதைக் கவனியுங்கள். பிறர் செய்த பொருளையும் அறிவினால் நம்முடையதாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு அது ஒரு நல்ல சான்று. ஆனால் அறிவதற்கு ஏடுகள் வேண்டும். அளவுகள் தெரிய வேண்டும். அவை பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் எவ்வளவு திறமை இருந்தும் பயனில்லை.

இனி மேசைமீது வைக்கும் கணிப்பொறிகளின் காலத்துக்கு வருவோம். தொடக்கத்தில் நினைவகச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பலகையில் குத்திப் பொருத்தினர். கால்கள் வளைந்தன, ஒரு சில்லு தலைகீழாக அமர்ந்தாலும் கெட்டது. 1983 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்த வாங் ஆய்வுக்கூடம் என்னும் கம்பெனியில் ஜேம்ஸ் கிளேட்டன் என்பவர் ஓர் எளிய வழி கண்டார். ஒன்பது சில்லுகளை ஒரு சிறு பலகையில் பதித்து, அதன் ஓரத்தில் முப்பது தொடுமுனைகளை வைத்தார். எட்டுச் சில்லுகள் செய்திக்கு; ஒன்பதாவது, பிழை கண்டறிவதற்கு. சிம் எனப்பட்ட இப்பலகையைச் செருகுவாயில் பொருத்துவது குழந்தைக்கும் எளிது.

மின்னணுக் கருவிகளுக்குப் பொது அளவுகளை வகுப்பது ஜெடெக் என்னும் கழகம். இப்பலகையைப் பொது அளவாக ஏற்குமாறு வாங் கம்பெனி அக்கழகத்தை வேண்டிற்று. பிற கம்பெனிகளிடம், 'நீங்களும் செய்யுங்கள்' என்றும் தூண்டிற்று. எல்லோரும் செய்தால் விலை குறையும் என்பது அதன் எண்ணம். 1986 ஆம் ஆண்டில் ஜெடெக் அதனை ஏற்றுக்கொண்டது. உலகெங்கும் அப்பலகை பரவிற்று. பிறகு நடந்தது யாது? வாங் கம்பெனி அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தது. தன் உரிமையைக் காட்டிப் பணம் கேட்டு வழக்குத் தொடுத்தது. தோஷிபாவுக்கும் என்.இ.சி.க்கும் எதிரான வழக்கில் 1993 ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்றது. மிட்சுபிஷி மீது தொடுத்த வழக்கிலோ 1997 ஆம் ஆண்டில் தீர்ப்பு மாறிற்று. 'செய்யுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் நீரே தூண்டினீர். அத்தூண்டுதலே அனுமதி ஆயிற்று' என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவ்வழக்கு நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. அளவு வெளியிடப்பட்டால் மட்டும் போதாது. அதன்மேல் யாருக்கு என்ன உரிமை என்பதும் முன்னரே வெளியிடப்பட வேண்டும். இல்லையேல் பொதுக்கிணறு என்று நம்பித் தண்ணீர் இறைத்தவர், பின்னர்க் கிணற்றுக்காரருக்கு விலை கொடுக்க நேரிடும்.

பொது அளவு வந்தபின், அயலார் நினைவகம் செய்யும் தொழில் பெருகிற்று. 1987 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஜான் டூ, டேவிட் சன் என்னும் இருவர் கிங்ஸ்டன் கம்பெனியைத் தொடங்கினர். அப்போது சந்தையில் ஒருவகைச் சில்லுகளுக்குப் பஞ்சம். கிடைத்த பழைய வகைச் சில்லுகளைக் கொண்டே, பொது அளவுக்குப் பொருந்தும் பலகையை அவர்கள் வடிவமைத்தனர். அளவு தெரிந்திருந்ததனால் அன்றோ அது முடிந்தது?

ஆனால் ஒர்க்ஸ்டேஷன் எனப்படும் பணிநிலையக் கணிப்பொறிகளின் கதை சற்று வேறு. பொறியியல் வரைபடம், அச்சுக்குரிய படம் முதலிய கடினமான பணிகளுக்கென்று செய்யப்பட்டவை அவை. சன் கம்பெனி 1989 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்பார்க்ஸ்டேஷன் 1 என்பதில், கடையில் கிடைக்கும் முப்பது முனைப் பலகையே பொருந்திற்று. மூன்று ஆண்டுகள் கழித்து அதே கம்பெனி வெளியிட்ட ஸ்பார்க்ஸ்டேஷன் 10 என்பதற்கோ இருநூறு முனைகள் கொண்ட தனிப் பலகை வேண்டியிருந்தது. வேகத்துக்காகச் செய்த மாற்றம் அது. ஆயினும் அதனால் வாங்குவோரின் வழி குறுகிற்று. பின்னர்ப் பொது அளவுகளே பணிநிலையங்களிலும் நிலைபெற்றன.

மாணவர்களே, பொது அளவு என்று ஒன்று இருந்தாலும், பொருந்துவது வேறு, வேலை செய்வது வேறு. எங்கள் சிவகாசி வட்டாரத் தீப்பெட்டியைக் கொண்டே இதை விளக்குகிறேன். 1922 ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்த தொழில் இங்கே நூற்றுக்கணக்கான சிறு தொழிற்சாலைகளாகப் பரவியது. ஒரு தொழிற்சாலையின் குச்சியை மற்றொன்றின் பெட்டியில் உரசினாலும் தீ பற்றும். குச்சியின் அளவு மட்டுமா காரணம்? இல்லை. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு கலந்த மருந்தும், பெட்டியின் பக்கத்தில் செம்பாஸ்பரமும் இருக்கின்றன. இரண்டு மருந்துகளும் ஒன்றுக்கொன்று இசைவதே காரணம். பெட்டிக்குள் அளவாக அடங்கும் வெறுங்குச்சி எத்தனை முறை உரசினாலும் எரியாது. நினைவகத்திலும் வடிவம் ஒரு பாதி. உள்ளிசைவு மற்றொரு பாதி.

அவ்வுள்ளிசைவை நான்கு வகையாகப் பிரித்து நினைவில் கொள்ளலாம். முதலாவது தலைமுறை. டி.டி.ஆர். நினைவகம் 2.5 வோல்ட்டில் இயங்கிற்று. இரண்டாம் தலைமுறை 1.8, மூன்றாவது 1.5, நான்காவது 1.2, ஐந்தாவது 1.1. இரண்டாம் தலைமுறைக்கும் மூன்றாம் தலைமுறைக்கும் முனைகள் 240 தான். எனினும் ஓரத்திலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதனால் ஒன்றை மற்றொன்றின் செருகுவாயில் அமர்த்த முடியாது. தவற்றைத் தடுப்பதற்கென்றே வைத்த வெட்டு அது. இரண்டாவது, பலகையின் அமைப்பு. சில பலகைகளில் கட்டளைகளை ஏற்றுக் கடத்தும் பதிவுச் சில்லு ஒன்று நடுவே இருக்கும், சிலவற்றில் இராது. சிலவற்றில் பிழை திருத்துவதற்குரிய கூடுதல் சில்லுகள் இருக்கும். மூன்றாவது, பலகை தன்னைப் பற்றிக் கூறும் செய்தி. தன் கொள்ளளவும் வேகமும் எழுதப்பட்ட ஒரு சிறு குறிப்புச் சில்லு ஒவ்வொரு பலகையிலும் இருக்கிறது. இயந்திரம் விழித்தவுடன் அதனைப் படிக்கிறது. குறிப்பு பிழையாயின் இயந்திரம் மயங்கும். நான்காவது, வெப்பம். 2006 ஆம் ஆண்டின் மேக் புரோ இயந்திரத்துக்கு, வழக்கத்தினும் பெரிய வெப்பத் தகடு கொண்ட நினைவகம் வேண்டுமென்று ஆப்பிள் கம்பெனி வரையறுத்தது. சிறிய தகடு கொண்ட அயல் பலகைகள் இடத்தில் சரியாக அமர்ந்தன; ஆனால் சூடேறித் தொல்லை தந்தன.

நான் பணியிலிருந்த இறுதி ஆண்டுகளில், அச்சகம் ஒன்று தான் பயன்படுத்தி ஓய்ந்த நான்கு பணிநிலையங்களை எங்கள் பள்ளிக்கு அளித்தது. நாள்காட்டிப் படங்களை உருவாக்கிய இயந்திரங்கள் அவை. உடல் உறுதியாக இருந்தது, நினைவகம் மட்டும் போதவில்லை. குறைந்த விலையில் கிடைத்த பழைய பலகைகளை ஒரு கடையிலிருந்து வரவழைத்தோம். தலைமுறை சரி, முனைகள் சரி, வெட்டும் சரி. பொருத்தினோம். திரை ஒளிரவில்லை; ஓசை மட்டும் எழுந்து எழுந்து நின்றது. இயந்திரங்களே பழுது என்றார் கடைக்காரர். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பழைய பலகையையும் புதிதாக வந்த பலகையையும் அருகருகே வைத்து ஒட்டுச்சீட்டுகளைப் படித்தாள். இரண்டிலும் 10600 என்னும் எண் இருந்தது. பழையதில் அதை அடுத்து இருந்தது 'இ' என்னும் ஆங்கில எழுத்து. வந்ததில் இருந்தது 'ஆர்'. 'இ' என்பது பதிவுச் சில்லு இன்றிப் பிழை திருத்தும் பலகையைக் குறிப்பது. 'ஆர்' என்பது பெரிய சேவையகங்களுக்குரிய, பதிவுச் சில்லு உள்ள பலகையைக் குறிப்பது. சேவையகங்கள் கழிக்கப்படும்போது அவை சந்தையில் மலிவாகக் குவிவதும் அதனால்தான். பலகைகளை மாற்றி வாங்கினோம். நான்கு இயந்திரங்களும் ஓடின. நாற்பது பிள்ளைகள் அவற்றில் பயின்றனர். ஓர் எழுத்தைப் படித்தறிந்ததன் பயன் அது.

அந்த எழுத்துக்குப் பொருள் உலகெங்கும் ஒன்றாக இருந்ததனால்தான் அம்மாணவியால் அதைப் படிக்க முடிந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். கம்பெனிக்கு ஒரு குறி, நாட்டுக்கு ஒரு குறி என்று இருந்திருந்தால், அந்த நான்கு இயந்திரங்களும் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

இன்று இவ்வரலாறு மீண்டும் ஒரு திருப்பத்தில் நிற்கிறது. மெல்லிய கணிப்பொறிகள் பலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்து விடுகின்றனர்; வாங்கிய நாளில் உள்ள அளவே இறுதிவரை. 2022 ஆம் ஆண்டில் டெல் கம்பெனி தன் பிரிசிஷன் பணிநிலைய மடிக்கணிப்பொறிகளில் கேம் என்னும் புதிய வடிவ நினைவகத்தை வைத்தது. இஃது ஒரு கம்பெனியின் தனிச்சொத்தாகிவிடுமோ என்று பலர் அஞ்சினர். ஆனால் டெல் அதனை ஜெடெக் கழகத்தின்முன் வைத்தது. 2023 டிசம்பரில் அவ்வடிவத்தின் வழிவந்த பொது அளவு வெளியாயிற்று. வாங் வழக்கு நடந்த காலத்திலிருந்து உலகம் ஓரளவு பாடம் கற்றிருக்கிறது எனலாம். நம் நாட்டிலும் நுகர்வோர் நலத்துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணைய வாயிலைத் திறந்தது.

இதில் நமக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். 2011 ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு அளித்த மடிக்கணிப்பொறிகள் பல வீடுகளில் இன்று உறங்குகின்றன. 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயக்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டதனால், இன்னும் பல இயந்திரங்கள் மூலைக்குப் போகும். லினக்ஸ் போன்ற கட்டற்ற இயக்குதளமும், சற்றுக் கூடுதலான நினைவகமும் இருந்தால் அவற்றுள் பல மீண்டும் பயன்படும். புதியது வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு கல்விச் சாதனம். எறிந்துவிட்டாலோ ஈயமும் பிற நச்சும் கலந்த குப்பை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய கணிப்பொறி கையில் கிடைத்தால், அதன் கையேட்டைத் தேடிப் படியுங்கள். உள்ளே இருக்கும் பலகையின் ஒட்டுச்சீட்டை எழுத்து விடாமல் ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தலைமுறை, அமைப்பு, கொள்ளளவின் எல்லை, வெப்பம் ஆகிய நான்கையும் உறுதி செய்துகொண்டு கடைக்குச் செல்லுங்கள். விற்பவரின் பெயர் பெரிதா சிறிதா என்பது அடுத்த கேள்வி. புதிய இயந்திரம் வாங்கும் நாளிலும் நினைவகத்தைப் பின்னர்க் கூட்ட இடம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நாளை உங்களுள் சிலர் பொறியாளர் ஆவீர்கள். ஒரு கருவியை வடிவமைக்கும் பொறுப்பும் வரும். அப்போது அதன் அளவுகளைப் பிறர் படித்தறியும்படி எழுதி வெளியிடுங்கள். நீங்கள் அறியாத ஓர் ஊரில், நீங்கள் அறியாத ஒரு பிள்ளை, அக்கருவியைப் பல ஆண்டுகள் கழித்தும் இயக்கிப் பயில்வாள்.